பருவநிலை மாற்றமும் நாம் பார்க்கும் செய்திகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி சூடாகிறது என்பதை நம்மில் யாரும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு உலகைச் சுற்றி அளந்து தெரிந்துகொள்ளவில்லை. செய்தித்தாள், டிவி, யூடியூப், வாட்ஸ்அப் குழு என்று ஏதோ ஒரு வழியாகத்தான் அந்தச் சேதி நம்மிடம் வந்தது. வரும் வழியில் அதற்கு என்ன ஆனது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம். அறிவியல் தரப்பின் நிலை என்ன என்று கேட்டால், பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐபிசிசி குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின் வரி ஒன்றே போதும்: மனிதச் செயல்பாடுகள்தான் வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருக்கின்றன, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

வெயில் கண்ணெதிரே கொளுத்துகிறது. இதைப் புரிந்துகொள்ள ஊடகம் எதற்கு?

இன்று கொளுத்துகிற வெயில் வானிலை. பல பத்தாண்டுகளில், உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி எங்கே நகர்கிறது என்பது பருவநிலை. முதலாவதை உடம்பே சொல்லிவிடும். இரண்டாவதைச் சொல்ல அதற்குத் தெரியாது. 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020 பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவே பத்து டிகிரி ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த 1.1 எப்படித் தட்டுப்படும்? ஹவாயின் மௌனா லோவா ஆய்வு நிலையத்தில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

சொந்த அனுபவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அன்றைக்கு வழக்கத்தைவிட வெயில் அதிகம் என்று நினைப்பவர்கள், பூமி சூடாவதையும் கூடுதலாக நம்புகிறார்கள் என்று 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. குளிர் நாளில் நம்பிக்கையும் இறங்கிவிடுகிறது. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜிம் இன்ஹோஃப் சபைக்குள் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று காட்டினார். கேலிக்கூத்துதான். ஆனால் ‘இங்கே இப்போது குளிர்கிறதே’ என்று யோசிப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிற யோசனை என்பதால்தான் அந்தக் காட்சி எடுபட்டது.

அப்படியானால் ஊடகம் சொல்வதை மக்கள் அப்படியே நம்பிவிடுகிறார்களா?

இல்லை. இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு. அரசியல் அறிஞர் பெர்னார்ட் கோஹன் 1963-ல் எழுதியது: எப்படி நினைக்க வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வதில் பத்திரிகைகள் பெரும்பாலும் தோற்றுப்போகலாம், ஆனால் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் அவை அபாரமாக ஜெயிக்கின்றன. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் செய்து 1972-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கணக்கு காட்டியது. ஊடகங்கள் எந்தப் பிரச்சினைகளுக்கு இடம் கொடுத்தனவோ, அவைதான் முக்கியம் என்று வாக்காளர்களும் சொன்னார்கள்.

பருவநிலை விஷயத்தில் 2022-ல் வந்த ஒரு பரிசோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரெண்டன் நைஹன், ஈதன் போர்ட்டர், தாமஸ் வுட் ஆகியோர் ஒரே ஆட்களிடம் பல சுற்றுகளாக அதை நடத்தினார்கள். சரியான அறிவியல் கட்டுரையைப் படித்தவர்களின் புரிதல் மேம்பட்டது. அரசியல் சார்பு காரணமாக ஏற்கனவே சந்தேகப்பட்டவர்களிடமும் அது நடந்தது. இதுவரைக்கும் நல்ல செய்தி. ஆனால் அடுத்த சுற்றுக்கு வருவதற்குள் அந்த மாற்றம் பெரும்பாலும் கரைந்துபோனது. நடுவில் பருவநிலை அறிவியலைச் சந்தேகிக்கும் கருத்துக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தபோது இன்னும் கரைந்தது.

என் பார்வையில் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் சாவி இதுதான். மக்களுக்குப் புரியவில்லை, எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், ஒருமுறை சொன்னால் போதும் என்ற நம்பிக்கையையும் அதற்குள் வைத்திருக்கிறார்கள். புரிதல் நிற்பது திரும்பத் திரும்ப வருவதால்தான். வராமல் போவதும் அதே அளவுக்கு வேலை செய்கிறது.

இரண்டு தரப்பையும் காட்டுவது நடுநிலைதானே? அதில் என்ன தப்பு?

வரி எவ்வளவு போடலாம் என்ற விவாதத்தில் இரண்டு தரப்பும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறதா என்பதில் இரண்டு தரப்பு கிடையாது.

மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் சகோதரர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. அமெரிக்காவின் நான்கு பெரிய நாளிதழ்களில் 1988 முதல் 2002 வரை வந்த செய்திகளில் 636-ஐ எடுத்து அலசினார்கள். பாதிக்கு மேற்பட்டவை, மனிதர்களால் வெப்பம் கூடுகிறது என்ற கருத்துக்கும், இயற்கையாகவே கூடுகிறது என்ற கருத்துக்கும் ஏறத்தாழ சம இடம் கொடுத்திருந்தன. அதே 2004-ல் நவோமி ஒரெஸ்கெஸ் 928 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்த்தார். மனிதர்களே காரணம் என்ற விஞ்ஞானிகளின் ஒருமித்த கருத்தை மறுத்த கட்டுரை ஒன்றுகூட இல்லை. 2013-ல் ஜான் குக் குழுவினர் சுமார் 12,000 கட்டுரைச் சுருக்கங்களைப் பார்த்து, காரணம் பற்றி நிலைப்பாடு எடுத்தவற்றில் 97 சதவீதம் மனிதச் செயல்பாட்டையே காரணமாக ஏற்கின்றன என்று கண்டார்கள். ஆய்வுலகில் 97-க்கு 3 என்று இருப்பது, செய்திப் பக்கத்தில் 50-க்கு 50 ஆகிவிட்டது.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நேர நெருக்கடி, அறிவியல் பின்னணி இல்லாத நிருபர், ‘மறுதரப்பையும் கேட்டாயா?’ என்று கேட்கும் ஆசிரியர், இவ்வளவு போதும். தொழில் தர்மமே தப்பான படத்தைக் கொடுத்துவிட்டது.

பிபிசி இதில் நன்றாகவே அடிபட்டுக் கற்றது. 2017 ஆகஸ்டில் பிபிசி வானொலிக்குப் பேட்டி கொடுத்த பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலக வெப்பநிலை சற்றே குறைந்திருக்கிறது என்றார். பேட்டி எடுத்தவர் அதை மறுக்கவில்லை. இது துல்லியம் குறித்த விதிகளை மீறியது என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-ல் சொன்னது. அதே ஆண்டு பிபிசி தன் பத்திரிகையாளர்களுக்கு அனுப்பிய குறிப்பில், நடுநிலை காட்டுவதற்காகப் பருவநிலை மாற்றத்தை அடியோடு மறுப்பவரைக் கூப்பிட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. போன சனிக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று ஜெயித்ததை மறுக்க ஒரு ஆளைத் தேடுவீர்களா என்ற தொனியில்.

இந்தச் சந்தேகம் தானாகக் கிளம்பியதா, யாராவது கிளப்பிவிட்டார்களா?

இரண்டும்தான், ஆனால் கிளப்பிவிட்டதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. வழிமுறை சிகரெட்டிலிருந்து வந்தது. பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்தின் 1969-ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று, ‘சந்தேகம்தான் நம் சரக்கு’ என்று வெளிப்படையாகவே சொல்கிறது. புகைப்பிடிப்பது நல்லது என்று யாரையும் நம்பவைக்கத் தேவையில்லை. விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்று நினைக்க வைத்தால் போதும்.

எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கு அதன் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977-லேயே கார்பன் டை ஆக்சைடால் பூமி சூடாகும் என்று விளக்கியிருந்தார். நிறுவனத்துக்குள் போடப்பட்ட கணிப்புகளை, பின்னால் உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டு 2023-ல் ஒரு கட்டுரை வந்தது. 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் சரியாக இருந்தன என்றது. இதற்கு நடுவே 2000-ஆம் ஆண்டில் எக்ஸான்மொபில் நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்துப் போட்ட கட்டுரை வடிவ விளம்பரத்தின் தலைப்பு, ‘தீர்மானமாகாத அறிவியல்’. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வாசகருக்கோ அது கருத்துப் பக்கத்தில் இன்னொரு கட்டுரை மாதிரிதான் தெரியும்.

2009-ல் விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்கள் வெளியாகி குட்டு உடைந்ததாகச் சொல்கிறார்களே?

பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு 2009 நவம்பரில் இணையத்தில் விடப்பட்டன. கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்குச் சில வாரங்களே இருந்தன. அவற்றில் 1999-ல் எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சலின் ஒரே ஒரு வரி உலகம் முழுக்க ஓடியது: ‘சரிவை மறைப்பதற்கு’ ஒரு ‘உத்தி’யைப் பயன்படுத்தினேன் என்பது அதன் சாரம்.

கேட்டவுடன் என்ன தோன்றும்? வெப்பநிலை சரிந்திருக்கிறது, மறைத்துவிட்டார்கள் என்றுதானே? அங்கே சரிந்தது வெப்பநிலை இல்லை. வெப்பமானி இல்லாத காலத்தின் வெப்பத்தை மர வளையங்களை வைத்து மதிப்பிடுவார்கள். வடக்கே சில பகுதி மரங்களின் வளையங்கள் 1960-க்குப் பிறகு வெப்பமானியோடு ஒத்துப்போகவில்லை. வெப்பமானி ஏறுமுகம் காட்ட, வளையங்கள் இறங்குமுகம் காட்டின. இந்த முரண்பாடு ஏற்கனவே ஆய்விதழ்களில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டதுதான். ஒரு வரைபடத்துக்காக அந்தப் பகுதியை விட்டுவிட்டு வெப்பமானி அளவைச் சேர்த்திருந்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு உட்படப் பல விசாரணைகள் நடந்தன. மோசடி எதுவும் இல்லை என்றன. தரவுகளைப் பகிர்வதில் இன்னும் வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும், அந்த வரைபடத்தில் என்ன செய்தோம் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று கண்டிக்கவும் செய்தன. அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

கவனிக்க வேண்டியது இது: குற்றச்சாட்டைச் சொல்ல ஒரு வரி போதும், விளக்கத்துக்கு ஒரு பத்தி வேண்டும். குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வந்தது. விசாரணை முடிவுகள் வந்தபோது பரபரப்பு அடங்கிப்போயிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே அதற்குச் சாட்சி.

‘இன்னும் 12 ஆண்டுகள்தான்’ என்றார்களே, அந்தக் கெடு என்ன ஆயிற்று?

அப்படி ஒரு கெடுவை விஞ்ஞானிகள் வைக்கவில்லை. 2018 அக்டோபரில் ஐபிசிசி வெளியிட்ட சிறப்பு அறிக்கை சொன்னது இது: வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் 2010 அளவிலிருந்து 2030-க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர பூஜ்யத்தை, அதாவது வெளியேற்றுவதும் காற்றிலிருந்து நீக்குவதும் சமமாகும் நிலையை, அடைய வேண்டும். இதில் நிபந்தனை இருக்கிறது, இலக்கு இருக்கிறது, உலகம் முடியும் நாள் இல்லை. 2030-லிருந்து 2018-ஐக் கழித்தால் 12. தலைப்பு எழுதுபவருக்கு இதைவிட வசதியான எண் கிடைக்காது.

தலைப்பு வேலை செய்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பருவநிலையைப் பற்றிப் பேசாதவர்களையும் அது பேச வைத்தது. ஆனால் 1.5-க்கும் 1.6-க்கும் உள்ள வித்தியாசம் 1.6-க்கும் 1.7-க்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான், ஒவ்வொரு துளியும் கணக்கில் சேரும் என்ற அடிப்படை உண்மையை அது அழித்துவிட்டது. ‘தாண்டிவிட்டோம், இனி என்ன செய்து என்ன?’ என்ற விரக்திக்கும், ‘சொன்ன மாதிரி ஒன்றும் நடக்கவில்லையே’ என்ற கேலிக்கும் ஒரே தலைப்பு தீனி போட்டது.

2024-லும் இதே கதை. அந்த ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ‘பாரிஸ் எல்லை உடைந்தது’ என்று தலைப்புகள் வந்தன. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தம் பேசுவது நீண்டகாலச் சராசரியை. ஒரு தனி ஆண்டு தாண்டியது கடுமையான எச்சரிக்கைதான், ஆனால் ஒப்பந்த எல்லை உடைந்ததாக அர்த்தம் இல்லை.

படங்களுக்கு அவ்வளவு சக்தி உண்டா?

உண்டு, எழுத்தைவிட அதிகம் என்றே சொல்வேன். எழுத்தில் ‘இருக்கலாம்’, ‘வாய்ப்பு உண்டு’ என்று தயங்கலாம். படத்துக்குத் தயங்கத் தெரியாது.

2017 டிசம்பரில் வெளியான பனிக்கரடி வீடியோ பலருக்கும் நினைவிருக்கும். எலும்பும் தோலுமாக, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, குப்பையில் எதையோ தேடும் கரடி. நேஷனல் ஜியாகிரஃபிக் போட்ட வாசகம், பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்றது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்தக் குறிப்பிட்ட கரடி ஏன் பட்டினி கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயாகவோ காயமாகவோ முதுமையாகவோ இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு, அந்த ஒரு கரடியைப் பருவநிலை மாற்றத்தோடு உறுதியாக முடிச்சுப் போட்டது அதிகப்படி என்று இதழே ஒத்துக்கொண்டது. கடற்பனி உருகுவதால் பனிக்கரடிகளுக்கு ஆபத்து என்பது உண்மை. இருந்தும், மறுப்பாளர்கள் கையில் ஒரு ஆயுதம் கிடைத்தது. பாதிக்கப்படுவது தொலைதூரத்தில் உள்ள ஒரு விலங்குதான், நாம் இல்லை என்ற எண்ணத்தையும் இந்த மாதிரிப் படங்கள் வளர்க்கின்றன.

எதிர்த்திசையிலும் படம் ஏமாற்றும். ஐரோப்பாவின் 2019 வெப்ப அலைகளை நான்கு நாட்டு ஊடகங்கள் எப்படிக் காட்டின என்று சாஃப்ரன் ஓ நீல் தலைமையிலான குழு பார்த்தது. செய்தி ஆபத்தைப் பேசும். பக்கத்திலேயே படத்தில் நீரூற்றில் குதிக்கும் குழந்தைகள், கடற்கரையில் சாய்ந்திருக்கும் கூட்டம். உயிரைக் குடிக்கும் வெயில் விடுமுறைக் கொண்டாட்டமாகிவிடுகிறது. அறைக்குள் தனியாகத் தவிக்கும் முதியவரின் படம் யாரிடமும் இல்லை, எடுக்கவும் கஷ்டம்.

பயமுறுத்தினால்தானே மக்கள் விழித்துக்கொள்வார்கள்?

பயம் திரும்பிப் பார்க்க வைக்கும். கூடவே ‘இதைச் செய்யலாம்’ என்ற ஒன்று இல்லாவிட்டால், பார்த்தவர் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்.

ஓசோன் ஓட்டைதானே பூமி சூடாகக் காரணம்?

இல்லை. இரண்டும் 1980-களின் பிற்பகுதியில் ஒரே சமயத்தில் செய்திகளில் அடிபட்டதால் வந்த குழப்பம் இது. அண்டார்க்டிக் ஓசோன் ஓட்டை 1985-ல் தெரியவந்தது, ஸ்ப்ரே பாட்டில் போன்றவற்றில் இருந்த, ஓசோனை அரிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1988-ல் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் பூமி சூடாவது தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார். ‘வானத்தில் ஓட்டை, அதன் வழியாக வெயில் உள்ளே வருகிறது’ என்ற படம் மனதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். உண்மையில் உள்ளே வந்த வெப்பம் வெளியேற முடியாமல் வாயுக்களால் தடுக்கப்படுவதுதான் சிக்கல். தப்பான படம் இருந்தால் தீர்வும் தப்பாகும்: ஸ்ப்ரே பாட்டிலை விட்டுவிட்டோமே, போதாதா என்று தோன்றும்.

படித்தவர்கள் இதிலெல்லாம் ஏமாற மாட்டார்கள்தானே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம், குறிப்பாகப் படித்தவர்கள். டான் கஹான் குழுவினர் 2012-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் அறிவியல் அறிவும் கணக்கறிவும் கூடக்கூட, எதிரெதிர் முகாம்களுக்கு இடையே பருவநிலை குறித்த இடைவெளி குறையவில்லை, கூடியது. கெட்டிக்காரருக்குத் தன் தரப்புக்குத் தோதான வாதத்தைக் கண்டுபிடிக்கவும், எதிர்த் தரப்பின் ஆதாரத்தில் ஓட்டை தேடவும் திறமை அதிகம். அவ்வளவுதான்.

ஊடகம் நம்மை மாற்றுகிறதா, நமக்குப் பிடித்த ஊடகத்தை நாம்தான் தேடிப்போகிறோமா?

கோழியா முட்டையா என்ற கேள்விதான் இது. ஒரே ஆட்களைச் சில காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள், இரண்டும் நடக்கிறது, ஒன்றையொன்று வளர்க்கிறது என்கின்றன. சந்தேகப்படுபவர் சந்தேகத்தைப் பேசும் சேனலுக்குப் போகிறார். அது சந்தேகத்தைக் கூட்டுகிறது. அப்புறம் வேறு சேனல் பிடிப்பதில்லை.

சமூக ஊடகம் வந்தபிறகு நிலைமை மோசமாகிவிட்டதா?

வேகம் மாறியிருக்கிறது, பேச்சும் மாறியிருக்கிறது. ‘பூமி சூடாகவே இல்லை’ என்பது குறைந்து, ‘சூடாகிறது, ஆனால் நீங்கள் சொல்லும் தீர்வு எதுவும் உருப்படாது’ என்பது கூடிவருகிறது. சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சார வாகனம் மேல் வரும் வதந்திகளைப் பார்த்தாலே தெரியும்.

ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிரால் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. உறைந்த காற்றாலை ஒன்றின் மேல் ஹெலிகாப்டர் எதையோ தெளித்துப் பனியை நீக்கும் படம் தீயாகப் பரவியது. பச்சை மின்சாரத்தைக் காப்பாற்ற எண்ணெய் எரிக்கும் ஹெலிகாப்டர் என்று ஒரே கிண்டல். படம் டெக்சாஸில் எடுத்தது இல்லை, சில ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனில் எடுத்தது. டெக்சாஸில் சில காற்றாலைகள் உறைந்தது நிஜம், ஆனால் மின்வெட்டின் பெரும்பங்கு எரிவாயு உள்ளிட்ட அனல் மின்சாரம் முடங்கியதால் வந்தது. படத்தைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். சிரிப்பு வந்தது, பகிர்ந்தார்கள்.

இது இவ்வளவு பெரிய பிரச்சினை என்றால் ஏன் தினமும் செய்தியில் இல்லை?

செய்தி என்பது ‘நேற்று நடந்தது’. பருவநிலை மாற்றம் நேற்று நடக்கவில்லை, எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே மாநாடு, அறிக்கை, பேரிடர் என்று ஏதாவது கொக்கி கிடைத்தால்தான் உள்ளே வரும். அந்தோணி டவுன்ஸ் 1972-லேயே இந்தச் சுழற்சியை விவரித்தார்: திடீர்ப் பரபரப்பு, அதற்குப் பிறகு செலவு எவ்வளவு ஆகும் என்ற ஞானம், அப்புறம் சலிப்பு, மறதி. 2009-ல் கோபன்ஹேகனை ஒட்டி உலகெங்கும் செய்திகள் குவிந்தன, பிறகு சரிந்தன. 2019-ல் மாணவர் போராட்டங்களோடு ஏறியது, 2020-ல் கொரோனா வந்ததும் இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கம் மக்கள் மனதிலும் தெரிகிறது. 2002 முதல் 2010 வரையான அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளை அலசிய ராபர்ட் புரூல் குழு, மக்களின் கவலையை அதிகம் அசைத்தது அரசியல் தலைவர்களின் பேச்சும் பொருளாதார நிலையும்தான் என்றது. செய்திகளின் அளவுக்கும் பங்கு இருந்தது, ஆனால் அந்த அளவையே பெரிதும் தீர்மானித்தது தலைவர்கள் பேசுவதுதான். அறிவியல் தகவலை மக்களிடம் கொண்டுசேர்ப்பதன் பலன் சொற்பம். விஞ்ஞானிகளுக்குக் கேட்கக் கசப்பாக இருக்கும்.

பேரிடர்ச் செய்தியில் விட்டுப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம். வெள்ளம், தீ, வெப்ப அலை எல்லாம் விரிவாக வரும், அதற்கும் பருவநிலைக்கும் என்ன தொடர்பு என்பது மட்டும் வராது. முன்பு அதற்குக் காரணம் இருந்தது: தனி நிகழ்வு ஒன்றைப் பற்றிச் சொல்ல அறிவியலிடம் கருவி இல்லை. 2003-ன் ஐரோப்பிய வெப்ப அலையைப் பற்றி 2004-ல் வந்த ஆய்வுதான் தொடக்கம். அப்படிப்பட்ட கோடைக்கான வாய்ப்பை மனிதத் தாக்கம் குறைந்தது இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும் என்றது. இப்போது ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவானபோது, பருவநிலை மாற்றம் இல்லாமல் இது கிட்டத்தட்ட நடந்திருக்கவே முடியாது என்று ‘வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்’ குழு சில நாட்களிலேயே சொல்லிவிட்டது. இனி அந்த வாக்கியம் இல்லாமல் போனால், அது செய்தி அறையின் முடிவு.

மற்றவர்களுக்கு இதில் அக்கறையே இல்லையே, நான் மட்டும் என்ன செய்ய?

ஊடகங்கள் உண்டாக்கும் தப்பெண்ணங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் கேட்டு 2024-ல் ஒரு ஆய்வு வெளியானது. பூமி சூடாவதைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் கொடுக்கத் தயார் என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். ‘உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள்?’ என்ற கேள்விக்கு வந்த பதில்களின் சராசரி 43 சதவீதம். அரசு இன்னும் செய்ய வேண்டும் என்று 89 சதவீதம் பேர் நினைக்கிறார்கள். வாயால் சொல்வதும் பையிலிருந்து எடுப்பதும் வேறுதான், சரி. ஆனாலும் இந்த இடைவெளி சின்னதில்லை. டிவி விவாதத்தில் சரிக்குச் சமமாகச் சண்டை, கமெண்ட் பகுதியில் மறுப்பாளர்களின் சத்தம், இவற்றைப் பார்த்துவிட்டு ஊரே இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறோம். தனியாள் என்று நினைப்பவர் வாயைத் திறப்பதில்லை. அதைப் பார்த்து அடுத்தவரும் திறப்பதில்லை.

நன்றாகச் செய்த ஊடகம் ஏதாவது உண்டா?

அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா நகரின் உள்ளூர் டிவியில் ஜிம் கேன்டி என்ற வானிலை அறிவிப்பாளர் 2010-ல் ஒரு முயற்சி தொடங்கினார். வழக்கமான வானிலை அறிக்கைக்கு நடுவே, அவ்வப்போது ஓரிரு நிமிடம் பருவநிலை. அந்தப் பகுதி அரசியல்ரீதியாக இந்த விஷயத்தைச் சந்தேகிக்கும் பகுதி, எதிர்ப்பு வரும் என்றே எதிர்பார்த்தார். அவர் பேசியது பனிக்கரடியைப் பற்றி இல்லை. தொட்டால் தோல் அரிக்கும் ஒரு காட்டுக்கொடி, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போது எப்படிச் செழித்து இன்னும் கடுமையாக அரிக்க வைக்கிறது என்பது மாதிரியான உள்ளூர் சமாச்சாரங்கள். ஓராண்டு கழித்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, போட்டிச் சேனல்களின் நேயர்களைவிட அவருடைய நேயர்களுக்குப் பருவநிலை பற்றிய புரிதல் கூடியிருந்தது. பிறகு நூற்றுக்கணக்கான வானிலை அறிவிப்பாளர்கள் இதே வழிக்கு வந்தார்கள்.

தெரிந்த முகம், பக்கத்து விஷயம், கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் விடாமல். மேலே சொன்ன 2022 பரிசோதனையோடு இது பொருந்துவதைக் கவனியுங்கள்.

ஒரு செய்தியைப் பார்த்ததும் நான் எதைச் சரிபார்க்கலாம்?

எண் இருந்தால், எதோடு ஒப்பிட்டு என்று பாருங்கள். ‘45 சதவீதக் குறைப்பு’ என்றால் எந்த ஆண்டிலிருந்து? வரைபடம் இருந்தால் எந்த ஆண்டில் தொடங்குகிறது? பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோவால் வெப்பம் எகிறிய 1998-ல் தொடங்கி வரைந்த கோடு, ‘வெப்பம் கூடுவது நின்றுவிட்டது’ என்ற கதையைப் பல ஆண்டுகள் ஓட்டியது. நிபுணர் என்று ஒருவரைக் காட்டினால், அவர் எந்தத் துறை? படம் என்றால் எங்கே, எப்போது எடுத்தது? தலைப்பு உங்களை உடனே பகிர வைக்கிறது என்றால், பகிர்வதற்கு முன் கடைசிப் பத்தி வரை போங்கள். தயக்கங்களும் நிபந்தனைகளும் வழக்கமாக அங்கேதான் ஒதுக்கப்பட்டிருக்கும்.

நேரடியாக மூலத்தையே படிக்க முடியுமா?

முடியும். ஐபிசிசி அறிக்கைகள் எல்லாம் அதன் இணையதளத்தில் இலவசம். முழு அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கம், அதைத் தொட வேண்டாம். கொள்கை வகுப்பவர்களுக்கான சுருக்கம் என்று தனியாக இருக்கும், 2021-ல் வந்தது முப்பது பக்கத்துக்குச் சற்று அதிகம். உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்புக்கொண்ட பிறகே அது வெளியாகும், எண்ணெய் விற்கும் நாடுகளும் அதில் அடக்கம். அதனால் நடை கொஞ்சம் வறட்சிதான். முதலில் படங்களையும் அவற்றின் கீழுள்ள விளக்கங்களையும் பார்த்துவிட்டு எழுத்துக்கு வந்தால் சுலபமாக இருக்கும்.